வெர்லீனும் வளையம் போட்ட சிட்டும்

எங்கள் தெருவில் வெர்லீன் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. சர்ச்சில்கூட கடைசி பெஞ்சுக்குப் பின்னால் நின்றபடிதான் பிரசங்கம் கேட்பாள். பாதிரியார் ஒருமுறை சாடையாகச் சொல்லிப் பார்த்தார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன், பரவாயில்லையா என்று கேட்டாள். அப்படிப்பட்டவள் போன வருடம் ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் வீட்டுக்குப் பின்னால் ஒரு கேமராவோடு மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நின்றாள். ஒரு பறவையின் காலில் இருந்த எண்ணைப் படிப்பதற்காக நின்றாள்.

அவளுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் புகையிலை போட்டவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முடிந்ததும் வேறு பண்ணை, வேறு வீடு. வளர்ந்து ராய்ஸைக் கட்டிக்கொண்டாள். அவர் எரிவாயுக் குழாய்களை வெல்டிங் செய்து இணைக்கிறவர். குழாய் போகிற பக்கமெல்லாம், சக்கரம் வைத்த வீட்டை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இருவரும் போனார்கள். முப்பத்து நான்கு வருடத்தில் இருபத்தேழு ஊர். ஒவ்வொரு ஊரிலும் பக்கத்து வீட்டுக்காரிகளுக்கு முகவரி எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். ஒருத்தியும் தேடி வரவில்லை, ஒரு கடிதமும் போடவில்லை. அவளே சிரித்துக்கொண்டு சொன்னதுதான் இது. எனக்குத்தான் அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை.

ராய்ஸுக்கு முழங்கால் போனபிறகு, டென்னசியில் எங்கள் ஊருக்கு வந்து, என் வீட்டை ஒட்டிய வெள்ளை வீட்டை வாங்கினார்கள். அவள் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள். நான் ஊரின் ஒரே ஹார்டுவேர் கடையில் கல்லாவில் இருக்கிறேன். குடிவந்த மூன்றாம் நாளே கடைக்கு வந்து என்னோடு சண்டை பிடித்தாள். ஹம்மிங்பேர்ட் என்கிற ரீங்காரச் சிட்டுகளுக்குக் குடிக்க வைக்கிற சிவப்புச் சாயத் தண்ணீரை நான் விற்கிறேனாம். சாயம் எதற்கு, வெறும் சர்க்கரையும் தண்ணீரும் போதாதா, பறவை வயிற்றில் பெயிண்ட் ஊற்றுவாயா என்று நாலு பேர் முன்னால் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் எதிரில் இருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்து முன்வரிசையில் அடுக்கினேன். சாயங்காலம் ஒரு தட்டு சோள ரொட்டியோடு என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மன்னிப்புக் கேட்க வந்தாள் என்று நினைத்தேன். மிச்சத்தையும் திட்டிவிட்டுப் போக வந்திருந்தாள். அப்படித்தான் சிநேகிதிகள் ஆனோம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை விடுமுறைக்குள் சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிட்டுகள் சோம்பேறியாகி தெற்கே போகாமல் இங்கேயே செத்துவிடும் என்பார்கள். அது சுத்தப் பொய். போகிற காலம் வந்தால் அவை போயே தீரும், நாம் வாசலில் விருந்தே வைத்தாலும் போகும். வெர்லீன் அக்டோபர் பாதிவரை கழற்ற மாட்டாள். அதனால் செப்டம்பரில் ஊரில் உள்ள அத்தனை சிட்டும் அவள் தோட்டத்துக்கு வந்துவிடும். கடல் தாண்டுவதற்கு உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும் அவசரத்தில், ஒன்றை ஒன்று குத்தி விரட்டிக்கொண்டு, நம் காதோரம் விர்ரென்று பாய்ந்து போகும். அங்கே பத்து நிமிடம் நின்றால் எனக்குத் தலை கிறுகிறுத்துவிடும். அவளுக்கு அதுதான் பிடித்த இடம்.

படம் எடுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். பறவைச் சங்கத்துக்காரர் ஒருவர் வந்து வித்தையைச் சொல்லிக்கொடுத்தார். ஒரு குடுவையை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை எடுத்துவிட வேண்டும். அதிலும் ஒரு துளையை விட்டு மீதியை டேப் போட்டு மூட வேண்டும். உட்காரும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். உட்கார இடமில்லாவிட்டால் சிட்டு காற்றிலேயே நின்றுதான் குடிக்கும், இறக்கை விரிந்து படம் அழகாக வரும். பின்னால் ஒரு பச்சைத் துணி, சுற்றி நான்கு ஃபிளாஷ் விளக்கு. அவள் எடுத்த படங்களை என் கடையில் மாட்டியிருக்கிறேன். பார்க்கிறவர்கள் விலை கொடுத்து வாங்கிய படமா என்று கேட்பார்கள்.

இப்போது அந்த வளையத்தின் கதைக்கு வருகிறேன். போன வருடத்துக்கு நான்கு வருடம் முன்பு, ஆகஸ்டு இரண்டாம் தேதி, ஹார்லன் பெட்டிகோ என்ற ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் சிட்டுகளுக்கு வளையம் போட அவள் தோட்டத்துக்கு வந்தார். அரசாங்க அனுமதி பெற்று இதைச் செய்கிறவர். கூண்டுக்குள் குடுவையைத் தொங்கவிட்டு, சிட்டு உள்ளே போனதும் கயிற்றை விட்டுக் கதவை மூடுவார். எடை போட்டு, அளந்து, கால்நகத்தில் பாதிகூட இல்லாத ஒரு அலுமினிய வளையத்தைக் காலில் மாட்டுவார். வளையத்தில் ஒரு எழுத்தும் ஐந்து எண்களும் இருக்கும். அதன்பிறகு வீட்டுக்காரர்களின் கையில் ஒன்றைக் கொடுத்து விடச் சொல்வது அவர் வழக்கம். வெர்லீனின் விரித்த உள்ளங்கையில் ஒரு பெண் சிட்டை மல்லாத்தி வைத்தார். விடுதலையானது தெரியாமல் அது அரை நிமிடம் அப்படியே கிடந்தது. அதன் நெஞ்சு அடிப்பது தன் கைக்குள்ளேயே ஏதோ ஓடுவதுபோல இருந்ததாகச் சொன்னாள். பிறகு பறந்துவிட்டது. அதன் எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டாள். கடைசி இரண்டு எண் பதினேழு.

அன்றிலிருந்து பதினேழு என்பது அந்தச் சிட்டின் பெயராகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் ஏதோ ஒரு பெண் சிட்டின் காலில் வளையம் மின்னுவதை ஒரு நொடி பார்ப்பாள். பதினேழு வந்துவிட்டாள் என்று வேலி ஓரம் வந்து எனக்கு அறிவிப்பாள். எது என்று எப்படித் தெரியும் என்று கேட்டால், எனக்குத் தெரியாதா என்பாள்.

போன வருடம் ஜூலை கடைசியில் அந்த வளையம் மறுபடி மின்னியது. அதே வாரம் ராய்ஸ் வீட்டை விற்கும் பேச்சை எடுத்தார். மகள் ஃபுளோரிடாவில் கடலோரம் இருக்கிறாள். பனிக்காலத்தில் அவருடைய முழங்கால்கள் அவரைக் கொல்கின்றன. தப்பான ஆசை இல்லை. ஆனால் வெர்லீன் இரண்டு நாள் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. கடைசியில் சொன்னாள், வருடா வருடம் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி என்னைத் தேடி ஒருத்தி வருகிறாள், நான் இல்லாவிட்டால் அவள் யாரிடம் போவாள் என்று. ராய்ஸ் சிரித்துவிட்டார். அது அதே பறவை என்று யார் கண்டார்கள் என்றார். பேச்சு முற்றி, என் முன்னாலேயே ஒப்பந்தம் ஆனது. சிட்டுகள் தெற்கே கிளம்புவதற்குள் அவள் எண்ணைப் படிக்க வேண்டும். பதினேழாக இருந்தால், அது வருவதை நிறுத்தும்வரை இந்த வீடுதான், அவர் விற்கிற பேச்சே எடுக்க மாட்டார். இல்லாவிட்டால் விற்பனைப் பலகையை அவளே நட வேண்டும். ராய்ஸ் சொன்ன சொல் மாறாதவர் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கும் அதில் பங்கு இருந்தது. இருபது அடி தள்ளி இருக்கும் ஒரே சிநேகிதியை நானும் பணயம் வைத்துவிட்டேன், என்னை யாரும் கேட்காமலே.

ஆகஸ்டு முழுவதும் படம் எடுத்தாள். நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். ஒன்றைவிட ஒன்று அழகு. ஒன்றிலும் வளையம் இல்லை. வளையம் போட்ட சிட்டு வருவது கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் மட்டும் மாயமாகிவிடுகிறது. லென்ஸை மாற்றினாள், விளக்கை மாற்றினாள், துணியை மாற்றினாள். சாப்பாடு நின்றபடி, அதுவும் பாதி. செப்டம்பர் பிறந்து ஆண் சிட்டுகள் கிளம்பிப் போய்விட்டன. பெண்களும் குஞ்சுகளும்தான் மிச்சம். நான் கடையில் இருந்துகொண்டு எத்தனை நாள் இருக்கிறது என்று நாள்காட்டியைப் பார்ப்பேன். ஆணி கேட்டவருக்குத் திருகாணி கொடுத்து அனுப்பினேன்.

தவறைக் கண்டுபிடித்தவர் ராய்ஸ். பறவைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், ஒருநாள் மேசையில் கிடந்த படங்களைப் புரட்டினார்.

"இதுங்களுக்குக் காலே இல்லையா?"

வெர்லீன் அவர் கையிலிருந்து படங்களைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள். காற்றில் நிற்கும்போது சிட்டு காலை வயிற்று இறகுக்குள் இழுத்துக்கொள்ளும். அழகான படம் வேண்டும் என்று உட்காரும் கம்பியைக் கழற்றியவள் அவள்தான். காலைத் தேடுகிறவளே, சிட்டு காலை வெளியே நீட்ட முடியாதபடி செய்து வைத்திருந்தாள், ஒரு மாதமாக. இந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு முட்டாள்தனம் பண்ண முடியாது. அவளிடமே அதைச் சொன்னேன். திட்டு வாங்கினேன்.

அன்று மதியமே ராய்ஸ் தன் கொட்டகையில் ஒரு வெல்டிங் கம்பியை வளைத்து, சிட்டு பக்கவாட்டில் உட்கார்ந்தால் கால் நேராக லென்ஸைப் பார்க்கும்படி ஒரு இருக்கை செய்து குடுவையில் பொருத்தினார். அவள் ஜெயித்தால் தோற்கப்போகிறவர் அவர்தான். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன். தோற்கணும்னா ஒழுங்கா தோற்கணும் என்றார்.

பிறகுதான் நிஜமான பாடு. வளையம் முழு எண்ணையும் ஒரே பக்கம் காட்டாது. காலைச் சுற்றி ஓடுகிறது. ஒரு படத்தில் எழுத்து, இன்னொன்றில் இரண்டு எண். அதற்குள் இந்த வருடத்துக் குஞ்சு ஒன்று, குடுவையே தன் பெயருக்கு எழுதிவைத்ததுபோல மேலே கிளையில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களையெல்லாம் விரட்டியது. வளையக்காரி ஒரு நாளில் இரண்டு தடவை வந்தால் அதிகம். உட்கார்ந்தால் இறகு காலை மூடும். மூடாவிட்டால் வெயில் வளையத்தில் பட்டு வெறும் வெள்ளையாக வரும். தோட்டத்து ஓரத்தில் சிட்டுகள் தேன் குடிக்கிற ஓடையோரக் காசித்தும்பை பூத்து முடிந்து காய்க்கத் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்குகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அந்தக் காற்று வந்தால் ஒரே காலையில் தோட்டம் காலியாகிவிடும். வெர்லீன் இரண்டு தடவை ரேடியோவை அணைத்தாள், மூன்றாம் தடவை அதன் ஒயரையே பிடுங்கினாள்.

இருபத்திரண்டாம் தேதிக்குள் எழுத்தும் முதல் மூன்று எண்ணும் கிடைத்துவிட்டன. துண்டுச் சீட்டோடு அப்படியே பொருந்தின. அன்று அவள் என் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தாள், அறுபத்து மூன்று வயதில். நான் உள்ளுக்குள் துள்ளினேன். மீதி இரண்டு எண்ணும் வந்தால் போதும், என் பக்கத்து வீட்டில் விளக்கு எரியும்.

புதன்கிழமை மதியம் அந்த இரண்டும் வந்தன. கடை மூடிவிட்டு வந்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். என் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு" என்றாள். "வேற பறவை."

கேமராவை நீட்டினாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், என் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இரண்டு இரண்டுகள். சந்தேகத்துக்கு இடமே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ராய்ஸுக்குக் கிட்டத்தில் இருக்கிற எழுத்து தெரியாமல் போய் பத்து வருடமாகிறது, பதினேழு என்று சொல்லிவிடு, நானும் ஆமாம் என்கிறேன் என்றேன். வெட்கமில்லாமல்தான் சொன்னேன்.

"இருபத்திரண்டுன்னே சொல்லிட்டேன்டி. அவர்கிட்ட முதல்ல சொல்லிட்டுத்தான் உங்கிட்ட வர்றேன்."

வெள்ளிக்கிழமை காற்று வந்தது. சனிக்கிழமை தோட்டத்தில் ஒரு சிட்டும் இல்லை. திங்கட்கிழமை அவளே சம்மட்டி எடுத்து முன்வாசலில் பலகையை நட்டாள். வளையத்தின் எண்ணைப் படித்தவர்கள் அதை அரசாங்க அலுவலகத்துக்கு எழுதிப்போட வேண்டும் என்பது முறை. அதையும் செய்தாள். பிறகு வீடு முழுக்கப் பெட்டி கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள்.

அக்டோபர் நடுவில், உறைபனிக்கு முன் பறித்த பச்சைத் தக்காளிகளை ஊறுகாய்க்கு நறுக்கிக்கொண்டிருந்தேன். தட்டாமல் உள்ளே வந்து ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். அலுவலகத்திலிருந்து வந்த பதில். இருபத்திரண்டுக்கு வளையம் போட்ட தேதி, ஊர், போட்டவர் பெயர் எல்லாம் இருந்தது. தேதி நான்கு வருடம் முந்தைய அதே ஆகஸ்டு இரண்டு. ஊர் எங்கள் ஊர். போட்டவர் ஹார்லன் பெட்டிகோ.

அன்று அவர் வேறு எங்காவது போனாரா என்று கேட்டாள். எனக்கு நன்றாக நினைவிருந்தது. காலையிலிருந்து மதியம்வரை அவள் தோட்டத்தில் இருந்தார். பிறகு என் மேசையில் மூன்று தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு என் நாற்காலியிலேயே நாலு மணிவரை குறட்டை விட்டு, எழுந்து நேரே வீட்டுக்குப் போனார். வளையங்கள் வரிசை எண்ணோடு ஒரு கம்பியில் கோத்து வரும், ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுவார். வெர்லீனின் கையில் கிடந்தது பதினேழு. அதற்குப் பிறகு ஐந்தாவதாகக் கூண்டில் சிக்கியவள் இருபத்திரண்டு. அன்று பதினான்கு சிட்டுகளுக்கு வளையம் போட்டார் என்பதை நாங்கள் இரண்டு மடச்சிகளும் மறந்தே போயிருந்தோம். கையில் தொட்டது ஒன்று என்பதால் வளையம் போட்டதும் ஒன்று என்று நினைத்துவிட்டோம். வாத்தியார் இருந்திருந்தால் எண்ணைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லியிருப்பார். அவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

கத்தியைப் போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து ராய்ஸிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். முன்வாசலுக்குப் போய், பலகையின் காலை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினார்.

"நம்பரா முக்கியம்? திரும்பி வருதா இல்லையாங்கறதுதான பேச்சு? இதே தோட்டத்துக்குத்தான் வந்திருக்கு. நான் தோத்துட்டேன்."

"விடு, ராய்ஸ்" என்றாள்.

அவர் விடவில்லை. அவள் போய் அவர் கைமேல் கை வைத்தாள்.

"நாலு வருஷமா அவ வந்திருக்கா. அப்படி ஒருத்தி இருக்கறதே எனக்குத் தெரியாது. வேற ஒருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு இருந்தேன். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. அவ குடுவைக்கு வந்தா. யார் ஊத்தினாலும் வருவா. அது அவ தப்பில்லை. நான்தான் என்னைத் தேடி வர்றான்னு நினைச்சிட்டேன்."

ராய்ஸ் பலகையை விட்டார். உனக்கு என்னதான் வேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். முழங்காலுக்கு வெயில் வேண்டும், போகலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஜெயித்த பிறகும் போகிறாள். பதினோரு வருடமாக வேலிக்கு இந்தப் பக்கம் ஒருத்தி இருக்கிறாளே, அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் போய்ப் பேசாமலே பெட்டி கட்டினேன். ஒரு பள்ளிக்கூட டீச்சர் வீட்டை வாங்கினாள். நவம்பர் முதல் வாரம் அவர்கள் கிளம்பினார்கள். போகும்போது ஒரு காகிதத்தில் புது முகவரியை எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கும்போது நானும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்து நாள் தாங்கினேன். பதினோராம் நாள் கடையில் ஒருவர் கதவுக் கீல் கேட்டு நிற்கிறார், நான் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மறுநாள் கடைக்கு விடுமுறை எழுதி ஒட்டிவிட்டு, விடியற்காலையில் கிளம்பி ஒன்பது மணி நேரம் வண்டி ஓட்டினேன். அலபாமாவில் ஒருமுறை வழி தவறினேன். கடல் வாடை வந்ததும் எனக்கே பயமாக இருந்தது, கூப்பிடாமல் போய் நிற்கிறோமே என்று.

அவள் வாசலில் புது மண்ணுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வண்டியைப் பார்த்தாள். குழாய் கையிலிருந்து நழுவி அவள் செருப்பை நனைத்தது. இந்தப் பக்கம் ஏதாவது வேலையாக வந்தாயா என்று கேட்டாள். சரக்கு எடுக்க வந்தேன், சொந்தக்காரர் கல்யாணம் என்று எதையாவது சொல்லலாம்தான்.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

அவள் என் பக்கம் வரவில்லை. வீட்டைப் பார்த்துத் திரும்பினாள்.

"ராய்ஸ், வெளிய வா. என்னைத் தேடி யாரு வந்திருக்கான்னு பாரு."

அவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார், தண்ணீர் சத்தம் எனக்கே கேட்டது. அவள் அதையே இன்னும் மூன்று தடவை கூப்பிட்டுச் சொன்னாள்.